இரண்டு பேருக்கும் ஒரே தப்பு

லிஃப்ட் ஓடவில்லை என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா அந்த அட்டையை நின்று நிதானமாகப் படித்தாள். முறைத்துப் பார்த்தால் லிஃப்ட் பயந்துகொண்டு ஓடிவிடப் போகிறதா என்ன? பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறத் தொடங்கினாள்.

அக்கா என்றால், பின்னால் ஏறிவந்த ரேடியோவுக்குக் கூடப் பிறந்தவள் அல்ல, முதலாளி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்கிறவர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவள். அந்த வேலையை உதறிவிட்டு, ஒரு பல் டாக்டரின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். ரேடியோ அவளுடைய ஒரே உதவியாளன். முப்பதைத் தாண்டியவன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதால் அக்கா வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் சும்மா கிடந்தது.

இரண்டு பேருமே அலுத்துப்போயிருந்தார்கள். இதற்கு முந்தின கேஸ், காணாமல் போன ஒரு புருஷன். நாக்குத் தள்ளத் தேடிய பிறகு அந்த ஆள் தன் அம்மா வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பெண்டாட்டி அங்கே மட்டும்தான் தேடவில்லை.

"மூணு மாடிக்கு மேல குடியிருக்கறவங்களுக்குப் பிரச்சினையே வரக்கூடாதுன்னு ஒரு சட்டம் போடணும்க்கா" என்றான் ரேடியோ. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அதனால் அவன் தப்பித்தான்.

கதவைத் திறந்தவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்து கேஸைக் கொடுத்தவர் அவர்தான். லீவு போட்டிருந்தும் யூனிஃபார்ம் பேன்ட்டைத்தான் போட்டிருந்தார். நேற்றுச் சொன்னதையே மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள், கல்லூரியில் சேருவதற்காக எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற அந்தப் பொதுத் தேர்வை எழுதியிருந்தாள். அதை நடத்துவது கல்லூரி இல்லை. தேர்வு வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தனி நிறுவனம். முதல் தடவை சுமாரான மார்க். இரண்டாவது தடவை எகிறிவிட்டது. வீடே கொண்டாட வேண்டிய நேரத்தில் நிறுவனம் அந்த மார்க்கை நிறுத்தி வைத்துவிட்டது. அவள் தப்பாக எழுதிய பல விடைகளும் வேறு யாரோ ஒரு பிள்ளை தப்பாக எழுதிய விடைகளும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றனவாம். அந்தப் பிள்ளை யார் என்று சொல்ல மாட்டார்கள். வேறு தேர்வு மையம், நகரத்தின் மறு கோடி என்று மட்டும் சொன்னார்கள். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் நாளை சாயங்காலத்துக்குள் மார்க் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போய்விடும்.

"டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவேன் நான்" என்றார் பரிசோதகர். "பொறந்ததுலேருந்து பாத்துட்டு இருக்கற மூஞ்சி. இதுல ஒண்ணும் தெரியல."

அவருக்கு மார்க்கைவிட வேறு ஒன்று தெரியவேண்டியிருந்தது என்பது ரேடியோவுக்கே புரிந்தது. காலமெல்லாம் மற்றவர்களின் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்த மனுஷன். தன் வீட்டிலேயே ஒரு திருடி இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தேர்வு நிறுவனத்தின் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் மகளுடன் பேசவே இல்லை என்று அவரே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அவருடைய மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். ஒல்லியான, சத்தம் போடாமல் நடக்கிற அம்மா. வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறாளாம். வந்தவர்களைப் பார்த்து, "காப்பி, டீ, பால், இல்ல வெறும் தண்ணி போதுமா?" என்று கேட்டாள். பரிசோதகர் மூக்குக் கண்ணாடியைத் தேடித் தடவினார். "டிவி மேல இருக்கும், சட்டைப் பையில இருக்கும், பாத்ரூம் ஜன்னல்ல இருக்கும், இல்லன்னா உங்க தலைமேலயே இருக்கும்" என்றாள். தலைமேல்தான் இருந்தது. ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அவனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

மகள் தன் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா வாசலிலேயே நின்று, எந்தக் கோச்சிங்கில் படித்தாள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டாள். கோச்சிங் எல்லாம் இல்லை, கணக்கைத் தானே போட்டுப் பார்த்தாள், பத்தி படித்து விடை சொல்கிற பகுதியை மட்டும் அம்மா சொல்லிக்கொடுத்தாள் என்று சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது.

தேர்வு நிறுவனத்தின் அலுவலகம் கண்ணாடியும் குளிருமாக இருந்தது. வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண், வந்திருப்பது புகாருக்கா, மறுமதிப்பீட்டுக்கா, நேர்காணலுக்கா, டெலிவரிக்கா என்று கேட்டாள். டெலிவரி என்று சொன்னால் சீக்கிரம் உள்ளே விடுவார்களா என்று ரேடியோ கேட்டான். அந்தப் பெண் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வெகுநேரம் காத்திருந்த பிறகு தேர்வுப் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். கண்ணுக்குக் கீழே பை தொங்குகிற மனிதர். மேஜைமேல் மாத்திரை அட்டை. ரேடியோவுக்கு அவரைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. இந்தக் கேஸில் நன்றாகத் தூங்கின முகம் ஒன்றுகூட இன்னும் கண்ணில் படவில்லை.

"நாங்க யாரையும் காப்பி அடிச்சாங்கன்னு சொல்றதில்லம்மா" என்றார் அதிகாரி. "இந்த மார்க்குக்கு எங்களால பொறுப்பேத்துக்க முடியலன்னு மட்டும்தான் சொல்றோம்."

"கல்யாணத்தை நிறுத்திட்டு, மாப்பிள்ளை கெட்டவன்னு நாங்க சொல்லவே இல்லையேன்னு சொல்ற மாதிரி" என்றான் ரேடியோ.

அக்கா அவன் காலை மிதித்தாள். பிறகு, அந்த இரண்டு பிள்ளைகளின் தப்புகளும் எங்கெங்கே ஒத்துப்போகின்றன என்று கேட்டாள். அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். எல்லாமே பத்தி படித்து விடை சொல்கிற பகுதியில்தான். கணக்குப் பகுதியில்? அங்கே ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இவள் தப்பாகப் போட்ட கணக்கை அந்தப் பிள்ளை சரியாகப் போட்டிருந்தது. அந்தப் பிள்ளை சறுக்கிய இடத்தில் இவள் சறுக்கவில்லை.

"காப்பி அடிக்கணும்னு உக்காந்தவ கணக்கை விட்டுட்டுக் கதையையா அடிப்பா?" என்றாள் அக்கா.

அதிகாரிக்கு அது உறைத்தது. அந்தத் தேர்வு முடிந்துவிட்டது, வினாத்தாள் வெளியாகிவிட்டது, காட்டினால் தப்பில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அக்கா ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். எல்லாம் ஒரே ஜாதிக் கேள்விகள். ஒரு சின்னக் கதை இருக்கும். அதில் ஒருத்தர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று கேட்டிருக்கும். இரண்டு பிள்ளைகளும் ஒவ்வொரு இடத்திலும் அந்த ஆளுக்குப் பரிந்து பேசுகிற விடையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அதில் ஒரு கேள்வியில் அக்கா நின்றுவிட்டாள். கதை இதுதான். கூடப் பிறந்தவன் வெகுநாள் கழித்து, இரவல் வாங்கிப்போன குடையைத் திருப்பிக் கொடுக்கத் தங்கை வீட்டுக்கு வருகிறான். அவள் கதவைத் திறந்து குடையை வாங்கிக்கொள்கிறாள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். ஏன்? கோபத்தால், மறதியால், அவன் முகத்தைப் பார்க்கக் கூசியதால், அவசரத்தால். இரண்டு பிள்ளைகளும் மூன்றாவதைக் குறித்திருந்தார்கள். சரியான விடை முதலாவது, கோபம்.

"எனக்கும் மூணாவதுதான் சரின்னு படுது சார்" என்றாள் அக்கா. "இந்த விடைல யாருமே சந்தேகப்படலையா?"

அதிகாரி அந்தக் கேள்வியின் பழைய விவரங்களைத் திறந்து பார்த்தார். அந்தக் கேள்வியை எழுதியவர் முதலில் சரியான விடை என்று கொடுத்தது மூன்றாவதைத்தான். நிறுவனத்தின் ஆய்வுக் குழு உட்கார்ந்து விவாதித்து, அது கோபம்தான் என்று மாற்றியிருந்தது. அதாவது, இரண்டு பிள்ளைகளும் குறித்திருப்பது குழு அடித்துத் திருத்திய பழைய விடை. அந்தப் பழைய விடை இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போயிருக்கவே முடியாது.

ரேடியோ வாயை மூடிக்கொண்டான். நிலைமை அந்த அளவுக்கு மோசம்.

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் இது ஒரு பெண்ணின் மார்க் விஷயம் இல்லை, வினாத்தாளின் வரைவே வெளியே கசிந்திருக்கிறது என்றார். நாளைக் காலையில் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும், மேலிடம் போலீஸுக்குச் சொல்லும், அந்த இரண்டு பிள்ளைகளும் விசாரணையில் நிற்க வேண்டிவரும் என்றார். கேள்வி எழுதியவர் யார் என்று அக்கா கேட்டாள். தனக்கே தெரியாது என்றார். கேள்வி எழுதுகிறவர்களுக்கு நம்பர்தான், பெயர் கிடையாது. அந்தப் பிரிவு இருப்பது மேல் மாடியில். பாதுகாப்புக்காக இரண்டு மாடிக்காரர்களும் ஒருவருக்கொருவர் பேசக்கூடாது என்று விதி. தேர்வு எழுதப்போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வருஷம் கேள்வி எழுதக்கூடாது என்பது இன்னொரு விதி. தான் இந்த வேலை செய்வதாகக் கட்டினவனிடம்கூட மூச்சு விடமாட்டேன் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இந்தக் கேள்வி எழுதற வேலை கஷ்டமா சார்?" என்று ரேடியோ கேட்டு வைத்தான். சும்மா இருக்க முடியாமல் கேட்டதுதான்.

"சரியான விடையை யார் வேணா எழுதலாம்பா. நம்பற மாதிரி தப்பான விடை மூணு எழுதணும். அதுதான் பொழப்பு" என்றார் அதிகாரி. தானும் சின்ன வயதில் அந்த வேலைதான் பார்த்தாராம். அது ஒரு வியாதி மாதிரி ஒட்டிக்கொள்ளும், கடைக்குப் போனால்கூட நான்கு வகை சொல்லித்தான் பேச்சு வரும், அதனாலேயே தன் கல்யாணப் பேச்சு ஒன்று முறிந்தது என்று அந்த நிலைமையிலும் சொன்னார்.

அக்கா எழுந்துவிட்டாள். நாளைக் காலையில் அவர் மேலிடத்தைப் பார்க்கும் முன்பு தன்னுடைய போனுக்காகக் காத்திருக்க முடியுமா என்று கேட்டாள். காத்திருப்பதில் தனக்கும் லாபம்தான், கசிவு என்று ஆகிவிட்டால் முதலில் போகிற தலை தன்னுடையதுதான் என்றார் அதிகாரி.

வெளியே வந்ததும், "அக்கா, நாம அந்தப் பொண்ணைக் காப்பாத்த வந்தமா, மாட்டிவிட வந்தமா?" என்றான் ரேடியோ. அக்கா பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.

அவகாசம் கேட்டுப் பார்க்கலாமே என்று போகிற வழியில் கல்லூரிக்கும் போனார்கள். சேர்க்கைப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மாள் நல்லவள்தான். ஆனால் காலையிலிருந்து அதே கேள்விக்குப் பதில் சொல்லித் தொண்டை கட்டியிருந்தாள். கல்லூரி யாரையும் சந்தேகப்படவில்லை, மார்க் வரவில்லை, அவ்வளவுதான் என்றாள். பெண்ணின் பள்ளிக்கூட மார்க்கைப் பாருங்கள், ஆசிரியர்களைக் கேளுங்கள் என்றாள் அக்கா. பள்ளிக்கூடம் ஆளுக்கு ஒரு மாதிரி மார்க் போடுகிறது, யாரை நம்புவது, அதற்காகத்தான் அந்த நிறுவனத்தின் மார்க்கை வைத்திருக்கிறோம் என்றாள் எழுத்தர். அந்த நிறுவனமோ நாங்கள் மார்க் மட்டும்தான் போடுகிறோம், சேர்ப்பதும் தள்ளுவதும் கல்லூரி பாடு என்கிறதே என்று ரேடியோ கேட்டான். ஆமாம், சேர்ப்பது நாங்கள்தான், மார்க் வந்தால் சேர்த்துவிடுவோம் என்றாள். ரேடியோவுக்குத் தலை சுற்றியது.

"கிணத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னுட்டு, நான் தள்ளலை, நான் தள்ளலைங்கறாங்கக்கா. உள்ள விழுந்தவ என்னவோ விழுந்தவதான்" என்றான் பஸ்ஸில் ஏறியதும்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். அக்காவுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். வழக்கமாக அவள் அந்த மரியாதையை வெறுப்பாள். இன்றைக்கு உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுதூரம் வந்தவள், திடீரென்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"காலைல அந்த வீட்ல நமக்கு என்ன குடிக்கக் கேட்டாங்க?"

"காப்பி, டீ, பால், வெறும் தண்ணி. நான் டீ…" என்று ஆரம்பித்த ரேடியோ பாதியில் நிறுத்தினான். மூக்குக் கண்ணாடி அவன் நினைவுக்கு வந்தது. டிவி மேல், சட்டைப் பையில், பாத்ரூம் ஜன்னலில், தலைமேல்.

"மூணு நம்பற மாதிரி தப்பு. ஒண்ணு சரி" என்றாள் அக்கா.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அக்கா மேலே வந்து தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்து மூச்சு திரும்புகிறவரை காத்திருந்தாள். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"குடைக் கேள்வி நீங்க எழுதினதுதானேம்மா?"

அந்த அம்மா கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பேச ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. மொழிபெயர்ப்பு என்று வீட்டில் சொல்லியிருந்தது பொய். வருஷக்கணக்காக அந்த நிறுவனத்துக்குக் கேள்வி எழுதுகிறாள். வருஷா வருஷம் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவாள். மகள் தேர்வு எழுதுகிற இந்த வருஷம் போட்டிருக்கக் கூடாது. வேலையை விட மனசு வரவில்லை. இந்த வீட்டில் தன்னை யாரும் எதற்கும் யோசனை கேட்பதில்லை, தன் மூளைக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் அதுதான் என்றாள். ஒரு கேள்வி எழுதி அது வினாத்தாளில் ஏற இரண்டு மூன்று வருஷம் ஆகும், பழைய கேள்வி எதுவும் மகள் வருகிற வருஷத்திலேயே வந்து விழாது என்று நம்பிவிட்டாள். வந்து விழுந்தது.

மகளுக்கு ஒரு கேள்வியைக்கூட அவள் காட்டியதில்லை. மனுஷர்களை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தாள். ஒருத்தர் பேசாமல் போனால் உடனே கோபம் என்று முடிவு கட்டாதே, உள்ளே வேறு என்னவோ இருக்கும், தோண்டிப் பார் என்பாள். அதையேதான் இன்னொரு பிள்ளைக்கும் சொன்னாள்.

அந்த இன்னொரு பிள்ளை யார் என்று அக்கா கேட்டாள்.

அவளுடைய அண்ணன் மகன். அண்ணன் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் வெகு காலமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பரிசோதகர் ஒருநாள் பஸ்ஸில் ஏறிச் சோதித்தபோது அண்ணன் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மறதிதான். மச்சான் என்றும் பார்க்காமல், முழுப் பஸ்ஸும் வேடிக்கை பார்க்க, அபராதம் போட்டு இறக்கிவிட்டார். அன்றோடு போக்குவரத்து நின்றது. அண்ணன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று அண்ணி அழுதாள். அதனால் சனிக்கிழமைகளில் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு என்று சொல்லிவிட்டு, நகரத்தின் மறு கோடிக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள்.

"அந்தச் சண்டைக்கு அப்புறம் அண்ணன் ஒரே ஒரு தடவை வந்துது. குடையைக் குடுக்க" என்றாள் அந்த அம்மா. "வாங்கிட்டு உள்ள வந்துட்டேன். வான்னுகூடச் சொல்லல. என் புருஷன் பண்ணினதுக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு அண்ணனைப் பாக்கறது? அதைத்தான் கேள்வியா எழுதினேன். குழுவில அஞ்சு பேர் உக்காந்து, அது கோபம்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்தக் கதவுல நின்னது நான். எனக்குத் தெரியாதா?"

ரேடியோ அவளிடமிருந்து துணிக் குவியலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

அக்கா அவளிடம் நிலைமையைச் சொன்னாள். கசிவு என்று நாளைக்குப் போலீஸுக்குப் போகப்போகிறார்கள். மாட்டப்போவது மகளும் அண்ணன் மகனும். அவளே அதிகாரியிடம் உண்மையைச் சொன்னால் கசிவு இல்லை, காப்பியும் இல்லை, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வாத்தியார் என்று ஆகிவிடும். அவளுடைய சொந்தக் கேள்வியால் மகளுக்கு லாபமும் இல்லை. அதில் மகள் தப்பு வாங்கித்தான் இருக்கிறாள். ஆனால் அவளுடைய வேலை போய்விடும். மறைத்ததெல்லாம் புருஷனுக்குத் தெரிந்துவிடும்.

"நான் என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள் அந்த அம்மா. காலையிலிருந்து அவள் விடைகள் கொடுக்காமல் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அக்கா போனில் அதிகாரியின் எண்ணை எடுத்து, அவள் முன்னால் திட்டின்மேல் வைத்தாள். அவள் போனை எடுத்துக்கொண்டாள். ஆனால் அங்கே நின்று பேசவில்லை. படியிறங்கி, வீட்டுக்குள் போய், பரிசோதகர் உட்கார்ந்திருந்த கூடத்தின் நடுவில் நின்று பேசினாள்.

தன் நம்பரைச் சொன்னாள். பெயரைச் சொன்னாள். மகளைப் பற்றிச் சொன்னாள், சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னாள், அண்ணன் மகனைப் பற்றிச் சொன்னாள். பரிசோதகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறு முனையில் அதிகாரி ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். காலையில் அலுவலகம் திறந்ததும் அவள் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த ஒரு கேள்வியை மட்டும் மார்க்கில் சேர்க்காமல் நீக்கிவிட்டு மதியத்துக்குள் இரண்டு பிள்ளைகளின் மார்க்கையும் கல்லூரிகளுக்கு அனுப்பிவிடலாம், தானே கையில் எடுத்துக்கொண்டு ஓடினாலும் ஓடுவேன் என்றார். இனி அவள் அந்த நிறுவனத்துக்கு ஒரு வரிகூட எழுத முடியாது என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

அவள் போனை வைத்தாள். இப்போது வெடிக்கும் என்று ரேடியோ துணிக் குவியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அந்தப் பையன் நல்லாப் படிக்கிறானா?" என்று கேட்டார் பரிசோதகர்.

"படிக்கறான்" என்றாள் மனைவி. "கணக்கு இவளைவிட நல்லா வரும்."

அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து மகளின் அறைக்குப் போனார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்கு மார்க் போய்விடும், நீ ஒன்றும் பண்ணவில்லை என்று தெரிந்துவிட்டது, வெளியே வா என்றார். பாப்பா என்று கூப்பிட்டார். மறுபடியும் தட்டினார். ஒரு நல்ல செய்தியைக் கொண்டுவந்த மனுஷன் குரலில் இருக்க வேண்டிய தெம்பு அவர் குரலில் இல்லை.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. அழுது முடித்து வெகுநேரம் ஆன குரல்.

"ஆபீஸ்ல கேட்டீங்க. காலேஜ்ல கேட்டீங்க. காசு குடுத்து ஆள் வெச்சுக் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலையேப்பா."

பரிசோதகர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அக்கா ரேடியோவின் முழங்கையைத் தொட்டு, போகலாம் என்று கண்ணைக் காட்டினாள். அவன் துணிகளை நாற்காலியில் வைத்தான். செருப்பு மாட்டும்போது, வேண்டாம் என்று நினைத்தும் திரும்பிப் பார்த்தான்.

அவர் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, விடை தெரிந்துவிட்ட கேள்வியைக் கேட்டார்.

"காப்பி அடிச்சியா கண்ணு?"

"இல்லப்பா" என்றாள் மகள்.